சுண்டைக்காய்க்கு மீசை முளைத்தபோது

"அம்மா, ஸ்மக்ளிங்னா என்னம்மா?"

கேட்டது என் மகள் விஜி. வயது ஆறு. அவள் தட்டில் ரசம் சாதத்துக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தொழிலில் இல்லை என்பதை வாசகர்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். நான் வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்கள் உயிரை வாங்குகிறவள்.

"யார்டீ உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"ரிஹர்சல்ல பார்த்தேன். சுண்டைக்காய் பாய் பண்ணறான். குழந்தைகள் நாடகத்துல."

குழந்தைகள் நாடகம்! எனக்கு வந்த கோபத்தில் நெய் இரண்டு ஸ்பூன் கூடுதலாக விழுந்துவிட்டது. அவளுக்கு லாபம்.

பம்பாய் மாட்டுங்காவில் இருப்பவர்களுக்குச் சுண்டைக்காயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் தெருவில் பந்தல் போட்டு, தினம் ஒரு புரோகிராம் வைப்பார்கள். அதில் ஒரு நாள் சாயங்காலம் குழந்தைகள் நாடகம். எழுதுவது, இயக்குவது, திரை இழுப்பது எல்லாம் ராஜாமணி மாமா. ரயில்வே அக்கவுன்ட்ஸில் வேலை பார்க்கிறார். பகலெல்லாம் கணக்கு, சாயங்காலம் கற்பனை. அவர் உருவாக்கிய கதாநாயகன்தான் சுண்டைக்காய். பறக்கும் டிரங்குப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து ராட்சசர்களை ஏமாற்றிவிட்டு வரும் பொடிப் பையன்.

அந்த வேஷத்துக்கு முதல் வருஷம் வந்தவன் முத்துராஜ். தாராவிப் பையன். நாடகத்துக்குப் பெட்டி செய்து கொண்டுவந்த தகப்பனாருடன் கூடவே வந்தான். பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவனை உள்ளே உட்கார வைத்தார்கள். சரியாக இருந்தான். அப்படியே கதாநாயகன் ஆகிவிட்டான். நடிப்புத் திறமை, குரல் வளம் எல்லாம் அப்புறம்தான் பார்த்தார்கள். சினிமாவிலும் இப்படித்தானே நடக்கிறது?

அப்போது முன்வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தவர்களில் என் மகன் சுந்தரும் ஒருவன்.

சில வருஷம் போயிற்று. ஒரு தடவை ரிஹர்சலில் முத்துராஜின் முழங்கால் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எப்படி மடித்தாலும் மூடி மூடவில்லை. நியாயமாக என்ன செய்ய வேண்டும்? வேறு சின்னப் பையனைப் பிடித்துப் போட வேண்டும். ஆனால் சுந்தரும் அவன் கூட்டாளிகளும் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். "எங்க சுண்டைக்காய்தான் வேணும்!" ராஜாமணி மாமாவுக்கு இளகிய மனசு. பையனை மாற்றவில்லை, பெட்டியைத் தூக்கி எறிந்தார். அங்கே ஆரம்பித்தது வினை.

பெட்டி போன பிறகு கதைக்கு எங்கே போவது? மாமா அதற்கும் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார். முத்துராஜுக்கு நிஜத்தில் என்ன நடக்கிறதோ அதையே நாடகமாக்கினார். முத்துராஜுக்குத் தொண்டை உடைந்தது — நாடகத்தில் சுண்டைக்காய் பாட்டுப் போட்டியில் மானம் போய் நின்றான். முத்துராஜ் பத்தாம் வகுப்பில் ஃபெயிலானான் — சுண்டைக்காயும் ஃபெயில். முத்துராஜுக்கு அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் — சுண்டைக்காய் மேடையில் படுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் வசனம் பேசினான். ரசிகர்களும் கூடவே வளர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொண்டை உடைந்தது, மார்க் குறைந்தது, மீசை முளைத்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் புதிதாகப் பிறந்த குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. யாருமே கேட்காத கேள்வி! பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஊஞ்சலில் காலேஜ் பையன்கள் கால் தரையில் இழுபட ஆடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நம் வாண்டுகள் வரிசையில் நிற்கும். எங்கள் பந்தலிலும் அதே கதைதான். ஜமக்காளத்தில் இப்போது மீசைகள். விஜியின் செட் கடைசியில் நாற்காலி மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும்.

போன வருஷம் மீசைகளுக்கு இதுவும் போதவில்லை. சினிமாவில் எல்லாக் கதாநாயகர்களும் கோபமாக இருக்கிறார்கள். சுண்டைக்காய் மட்டும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? ஆகவே சுண்டைக்காய் போன வருஷம் மனுவைக் கிழித்துப் போட்டான், பாட்டிலும் கையுமாகத் திரிந்தான், கடைசிக் காட்சியில் கடத்தல் கும்பலில் சேர்ந்தான். பெயர் 'சுண்டைக்காய் பாய்'. பம்பாயில் தாதாவை 'பாய்' என்பார்கள். ஒரு தாதாவுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தால் போலீஸே சிரித்து விட்டுவிடும். மீசைகள் சிரிக்கவில்லை. விசிலடித்தன.

சரி, விஜியின் கேள்விக்கு வருவோம். மறுநாளே ராஜாமணி மாமாவைப் பிடித்து நாலு வார்த்தை கேட்பது என்று இருந்தேன். அதற்கு முன் வாசலில் முத்துராஜ் வந்து நின்றான். இருபத்திரண்டு வயது, எண்ணெய் போட்டு வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. சயானில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்க்கிறான். டீ தவிர வேறு எதையும் குடித்தறியாத பிள்ளை. அதிலும் சர்க்கரை கம்மி.

"மாமி, நீங்கதான் எனக்காண்டி ஒரு வார்த்த பேசணும்."

விஷயம் இதுதான். தாராவியில் அவன் சந்துக்கு அடுத்த சந்தில் செல்வி என்ற பெண். பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சியின் மகள். இவனுக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கு இவனைப் பிடிக்கும். இவன் வீட்டார் முறைப்படி போய்க் கேட்டார்கள். அண்ணாச்சி முடியாது என்று சொல்லிவிட்டார்.

"ஏன்டா? என்ன குறை உனக்கு?"

"குடிக்கேன்னு சொல்லுதாவ."

"நீயா?"

"போன வருசம் நாடகத்துல பாத்தாவளாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முத்துராஜுக்கு வரவில்லை. அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆடி முடிஞ்சி வேற எடத்துல பாக்கப் போறாவளாம் மாமி" என்றான். ஒரு நல்ல பையனின் வாழ்க்கை, ராஜாமணி மாமாவின் கற்பனை வறட்சியால் பாழாவதா? புடவையை மாற்றிக்கொண்டு அவனுடன் கிளம்பினேன்.

செல்லையா அண்ணாச்சி எனக்கு ஸ்டூல் போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மெஷினில் செல்வி. குனிந்த தலை நிமிராமல் ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"அண்ணாச்சி, அது நாடகம். வெறும் நாடகம்" என்று ஆரம்பித்தேன்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதாம்மா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். "நான் ஒண்ணு கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க. இவன் பத்தாப்புல ஃபெயிலானானா இல்லையா?"

"ஆனான்."

"நாடகத்துல வந்துச்சா இல்லையா?"

"வந்தது."

"வயித்துல ஆபரேசன் பண்ணுனானா? அதும் வந்துச்சா?"

"வந்தது…"

"இவனுக்குத் தொண்ட உடைஞ்சதுகூட வந்துச்சும்மா! வருசா வருசம் நடந்தத நடந்தபடிக்குக் காட்டிட்டு, குடிச்சத மட்டும் கதைன்னு சொன்னா எப்படி? அது மட்டும் எப்படிம்மா பொய்யாவும்?"

இந்தப் பத்தியில் எத்தனை பேரை எப்படியெல்லாம் மடக்கியிருக்கிறேன்! ஒரு பை தைக்கும் அண்ணாச்சி என்னை மடக்கிவிட்டார். அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆனால் கிளம்பும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நாடகத்தில் குடித்ததை நம்புகிற மனுஷர், நாடகத்தில் திருந்தினால் அதையும் நம்புவார் அல்லவா?

"இந்த வருஷ நாடகத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்கோ. அப்புறம் முடிவு பண்ணுங்கோ" என்றேன்.

அண்ணாச்சி யோசித்தார். மெஷின் ஒன்று சட்டென்று நின்றது. செல்வியுடையதுதான்.

"பாப்பம்" என்றார் அண்ணாச்சி. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

நேரே ராஜாமணி மாமா வீட்டுக்குப் போனேன். அங்கே என் மகன் சுந்தர் மீசைகளின் தலைவனாக உட்கார்ந்திருந்தான். பந்தலுக்குக் கம்பு நடுவது, மைக் கட்டுவது, லைட் போடுவது எல்லாம் இவர்கள்தான். ஆகவே கதையும் இவர்களுடையது.

"சுண்டைக்காய் இந்த வருஷம் திருந்தணும்" என்றேன்.

"க்யா மா!" என்று சுந்தர் இந்தியில் குதித்தான். "ஹீரோ திருந்தினா செம போர். எங்க ஏஜ் குரூப்புக்கு ரியலிஸம் வேணும்."

"உன் ஏஜ் குரூப்புக்கு வேலைக்கு மனுப் போடறதுதான்டா ரியலிஸம்!" என்றேன். "உனக்கு வயசாச்சுன்னா நீ போய்ப் பெரியவா நாடகத்தைப் பாரு. குழந்தைகளோட ஹீரோவை ஏன்டா கூடவே இழுத்துண்டு போறே? உனக்கு மீசை முளைச்சதுக்கு அவன் ஏன்டா குடிக்கணும்?"

முத்துராஜின் கல்யாண விஷயத்தையும் சொன்னேன். மீசைகள் கொஞ்சம் அடங்கின. ராஜாமணி மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னு சொல்றேள். சரிம்மா. திருத்திடறேன். மூணாவது சீன்ல பாட்டிலை உடைச்சுட்டு வேலைக்குப் போயிடறான். போதுமா?"

போதும் என்று நானும் நம்பி வந்துவிட்டேன். நாடகத்துக்கு எத்தனை சீன் என்று கேட்டிருக்க வேண்டாமா?

அந்த நாளும் வந்தது. மைக்கில் ஒரு மீசை அறிவித்தது: "குழந்தைகள் நாடகம் இப்போது ஆரம்பமாகிறது. தயவுசெய்து சின்னக் குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லவும்." சத்தியமாக இதே வார்த்தைகள்! நான் விஜியை மடியில் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்தேன். செல்லையா அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், இரண்டாவது வரிசையில், ஜட்ஜ் மாதிரி வந்து அமர்ந்தார். செல்வி பெண்கள் பக்கம் எனக்கு அருகில் இருந்தாள்.

மூன்றாவது சீனில் சுண்டைக்காய் பாட்டிலை உடைத்தான். தாயார் படத்தின் முன்னால் அழுதான். மோட்டார் வைண்டிங் வேலையில் சேர்ந்தான். அண்ணாச்சியின் முகம் மெல்ல இளகுவது எனக்குத் தெரிந்தது. அப்பாடா என்று விஜியின் தலையைத் தடவினேன்.

அப்போது திரை மறுபடி விலகியது. நாலாவது சீன். கடத்தல் கும்பலின் தலைவன் தீபாவளித் துப்பாக்கியுடன் வருகிறான். "திருந்திட்டியா சுண்டைக்காய்? திருந்தினவன் உயிரோட இருக்கக் கூடாது!"

விஜியைச் செல்வியிடம் விட்டுவிட்டு ஓடிப்போய், திரை மறைவில் நின்ற ராஜாமணி மாமாவைப் பிடித்தேன். "என்ன மாமா இது?"

"திருந்தணும்னேள், திருந்திட்டான். திருந்தினவன் செத்தாத்தானே ஜனங்கள் அழுவா?"

"அப்போ அடுத்த வருஷம்?"

"அவன் ஆவி வந்து பழி வாங்கறது" என்றார், துளிக்கூட வெட்கமில்லாமல். "அதுக்கு அடுத்த வருஷம் ஒரு தம்பி வரான். அதே மூஞ்சி."

தலையில் அடித்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். நடந்ததைத்தான் நாடகத்தில் காட்டுவார்கள் என்று நம்புகிற மனுஷர் எதிரில், மாப்பிள்ளையைச் சுட்டுக் கொல்லப் போகிறார்கள்! செத்த மாப்பிள்ளைக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்?

படார்! துப்பாக்கி வெடித்தது. புகை வந்தது. மீசைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன. முத்துராஜ் நின்றான்.

படார்! படார்! நின்றுகொண்டே இருந்தான்.

"விழுடா!" என்றார் மாமா திரைக்குப் பின்னாலிருந்து. மைக் அதைத் தெரு முழுக்கச் சொன்னது. முத்துராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வில்லனாக நடித்த பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வசனத்தை உள்ளங்கையில் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். கையை விரித்துப் பார்த்தான். சுண்டைக்காய் செத்த பிறகு பேச வேண்டியதுதான் அதில் இருந்தது. பாவம், வேர்த்து விறுவிறுத்து மறுபடி சுட்டான். துப்பாக்கியில் சுருள் கேப் தீர்ந்துபோய் 'டிக்' என்றது.

முத்துராஜ் மைக் அருகில் வந்தான். "சாவ நேரமில்ல அண்ணே. காலைல வேலைக்குப் போணும்" என்றான்.

முதலில் கை தட்டியவர்கள் கடைசி வரிசை வாண்டுகள். நாற்காலி மேல் நின்று ஆரவாரம் செய்தார்கள். அடுத்து எழுந்தவர் செல்லையா அண்ணாச்சி. "அவன் விழமாட்டாம்ல! திருந்திட்டாம்லா!" என்று வில்லனைப் பார்த்துச் சத்தம் போட்டார். மீசைகள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தன.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்த செல்வியைக் கேட்டேன்.

"தெரியும் மாமி. விழுந்தீயன்னா நானே கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்லா" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நான் சண்டை போட்டு நாடகத்தையே நிறுத்திவிடுவேனாம். என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாள்.

அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் போனார். நானும் செல்வியும் பின்னாலேயே ஓடினோம். முத்துராஜ் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் எழுந்து நின்றான். அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்தார்.

"உண்மையச் சொல்லு. குடிய விட்டுட்டேல்லா?"

முத்துராஜ் என்னைப் பார்த்தான். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"விட்டுட்டேன் மாமா."

"கும்பலு?"

"அதையும் விட்டுட்டேன்."

"நல்ல புள்ள" என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? நிரபராதி என்று நிரூபிக்க எத்தனை பாடுபட்டோம், நடக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு திருந்தினான், ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு எப்போதும் கெடாதவனைவிடத் திருந்தினவன் மேல்தான் பிரியம் ஜாஸ்தி.

ஆனால் அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். "இனிமே நீ நாடகத்துல ஏறக் கூடாது. அங்க எதாவது நடந்து தொலைச்சா, வீட்டுல என் மவள்லா அனுபவிக்கணும்?"

ராஜாமணி மாமா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஆவியும் போச்சு, தம்பியும் போச்சு. சுந்தர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விஜியோ, "இந்த வருஷம்தான்மா நன்னாருந்தது" என்று மூன்று தோசை சாப்பிட்டாள். யாருக்காக நடந்த நாடகம் என்பது இப்போதாவது புரிகிறதா?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களாவதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. தனியாகப் பெரியவர்களாவதுதான் பயம். சின்ன வயசில் பிடித்துக்கொண்ட கையை விடாமல், பரீட்சை, வேலை, காதல் தோல்வி என்று எல்லா இடத்துக்கும் அதையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்கும் ஒரு வீடு வாசல் வேண்டாமா? இதைச் சுந்தரிடம் சொன்னேன். "நீ பத்திரிகைல எழுதற மாதிரியே பேசாதேம்மா" என்று எழுந்து போய்விட்டான்.

கல்யாணம் போன வாரம் தாராவியில் நடந்தது. மீசைகள் எல்லோரும் வந்து, பழக்க தோஷத்தில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். முத்துராஜ் பட்டு வேட்டியில் தாலியைக் கையில் எடுத்தான். மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார். தாலி ஏறியதுதான் தாமதம், முன்வரிசையில் விசில் பறந்தது. சுந்தர் கூட்டம் ஒரே குரலில் கத்தியது:

"ஒன்ஸ் மோர்!"

செல்லையா அண்ணாச்சி திரும்பி முறைத்தார். முத்துராஜ் மாமனார் முகத்தைப் பார்த்தான். மணப்பெண் செல்வி மட்டும் குனிந்த தலையை மெல்ல நிமிர்த்தி, மீசைகளைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"ஒரே ஷோதான் அண்ணே!"